அடுத்த படுக்கையில் அனல்நாச்சி

ஜூன் 4, செவ்வாய்

எடை 58.6. நேற்றுக் குடித்த தண்ணீர் 650 மில்லி.

இந்த இரண்டையும் தினமும் எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர். தண்ணீர் 700-ஐத் தாண்டக் கூடாதாம். அதற்காகத்தான் இந்த நோட்டு. இருபத்தெட்டு வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவளுக்கு இரண்டு எண்களோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை.

டயாலிசிஸ் தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி, காலை ஏழு முதல் பதினொன்று வரை. ஜன்னலோரப் படுக்கை என்னுடையது. பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் கோவைக்கு மாறிப் போய்விட்டார். இன்று அங்கே ஒரு புதுப் பெண். பெயர் மயிலாத்தாள், முப்பத்தெட்டு வயது. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராம். கழுத்தில் போட்டிருந்த குழாயில் மெஷினை இணைத்த மறு நிமிடம், போனை வயிற்றின் மேல் நிறுத்தி ஒரு படத்தைப் போட்டாள். இயர்போன் கிடையாது. இடி, குதிரைக் குளம்பு, வாளோடு வாள் மோதுகிற சத்தம், நடுநடுவே ஒரு பெண்ணின் அலறல்.

படத்தின் பெயர் அனல்நாச்சியாம். உள்ளங்கையில் நெருப்பு வரும் ஒரு ராஜகுமாரியின் கதை.

தங்கை தமயந்தி போன் செய்தாள். எடுக்கவில்லை.

ஜூன் 6, வியாழன்

எடை 58.9. தண்ணீர் 700.

மறுபடியும் அதே படம். முதலிலிருந்து.

"கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சுக்கறீங்களா?" என்று கேட்டேன்.

"ஐயோ, தொந்தரவா இருக்குதுங்களா டீச்சர்? கொறச்சுக்கறனுங்க." குறைத்தாள். ஐந்து நிமிடத்தில் ஏற்றினாள். "இந்த எடத்துல மட்டும் சத்தம் வேணுமுங்க. பறவை வருது."

நான் டீச்சர் என்பதை நர்ஸ் ஜெயசீலி சொல்லியிருக்க வேண்டும். ஜெயசீலியிடம் படுக்கையை மாற்றித் தரச் சொன்னேன். காலி இல்லை என்றாள்.

ஜூன் 9, ஞாயிறு

தண்ணீர் 600. மழை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

எடை 58.4. தண்ணீர் 650.

திரும்பிப் படுக்க முடியாது. இடது கையில் இரண்டு ஊசி. அவள் போன் என் கண்ணுக்கு நேரே. பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தப் பறவை ஒரு யானையைக் காலில் கவ்விக்கொண்டு மலை உச்சிக்குப் பறந்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அது பறக்காது," என்றேன்.

"ஏனுங்க?"

"அந்த எடைக்கு அந்தச் சிறகு பத்தாது. தானும் பறக்கணும், யானையையும் தூக்கணும்."

மயிலாத்தாள் படத்தை நிறுத்தினாள். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். "அப்ப எத்தன அடி றெக்க இருந்தாத் தூக்குமுங்க?" என்று கேட்டாள்.

இருபத்தெட்டு வருடத்தில் எந்தப் பிள்ளையும் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. மார்க் எவ்வளவு வரும் என்றுதான் கேட்பார்கள்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு டன் யானை, பறவைக்கும் நாலு டன். குறைந்தது நூற்று நாற்பது அடி வேண்டும். அப்போதும் சந்தேகம்தான்.

ஜூன் 13, வியாழன்

எடை 58.7. தண்ணீர் 700.

"நூத்தி நாப்பது அடிங்களா! எங்க கம்பெனி நீளமுங்க அது!" அவள் சிரித்ததில் மெஷின் அலாரம் அடித்து ஜெயசீலி ஓடி வந்தாள்.

அதற்குப் பிறகு தப்பு கண்டுபிடிக்கும் வேலை என்னுடையதானது. நாச்சியின் தோழி செவ்வந்திக்கு ஒரு கைதான். அவள் எப்படி வில்லை வளைப்பாள் என்றேன். காலால் வில்லை மிதித்துப் பிடித்து, ஒற்றைக் கையால் நாணை இழுப்பாளாம். அந்தக் காட்சியைத் தேடிப் போட்டுக் காட்டினாள். சாத்தியம்தான். ஒப்புக்கொண்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

எடை 59.2. தண்ணீர் 850. டாக்டர் திட்டினார். வெயில் தாங்கவில்லை என்றேன். எல்லோருக்கும்தான் வெயில் என்றார்.

இன்று ஒரு காட்சி. ஒரு போர் முடிந்து நாச்சி ஆற்றங்கரைக்கு வருகிறாள். தண்ணீரை அள்ளுகிறாள். உள்ளங்கையின் சூட்டில் அது கொதித்து ஆவியாகப் போய்விடுகிறது. மறுபடி அள்ளுகிறாள், மறுபடி ஆவி. முழு ஆறும் எதிரே ஓடுகிறது, அவளால் ஒரு வாய் குடிக்க முடியவில்லை. செவ்வந்தி குடத்தில் மொண்டு வந்து, தள்ளி நின்று, உயரத்திலிருந்து அவள் வாயில் ஊற்றுகிறாள். நாச்சி கண்ணை மூடிக் குடிக்கிறாள். வாயிலிருந்து வழிந்து கழுத்தில் ஓடுகிறது. பின்னணியில் இசைகூடக் கிடையாது, தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

என் தொண்டை தானாக விழுங்கியது.

"இதுக்குத்தானுங்க டீச்சர் தெனமும் பாக்கறேன்," என்றாள் மயிலாத்தாள். "சண்டையெல்லாம் சும்மா."

அதில் எந்தத் தப்பும் எனக்குக் கண்டுபிடிக்கத் தோன்றவில்லை.

ஜூன் 20, வியாழன்

எடை 58.5. தண்ணீர் 600.

அந்த ஆற்றுக் காட்சியை மறுபடி போடச் சொன்னேன். இரண்டு முறை.

ஜூன் 25, செவ்வாய்

எடை 58.6. தண்ணீர் 650.

படத்தின் முடிவுக்கு இன்றுதான் வந்தோம். நாச்சியின் கையிலிருக்கும் நெருப்பு அவளையே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. கடைசிப் போருக்குப் போகும்போது, தூங்குகிற செவ்வந்தியை எழுப்பாமல், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தனியாகப் பறவையில் ஏறிப் போகிறாள். அத்தோடு முதல் பாகம் முடிகிறது. இரண்டாம் பாகம் ஜூலை பன்னிரண்டாம் தேதி வருகிறதாம்.

"கூட வர்றவள உட்டுப்போட்டுப் போறா பாருங்க. திமிரு," என்றாள் மயிலு.

"திமிர் இல்ல. அடுத்தவங்களுக்குத் தொந்தரவு குடுக்க வேண்டாம்னு நினைக்கறா."

"அதத்தான் டீச்சர் திமிருங்கறேன்."

நாச்சிக்கு என்னென்ன காரணம் இருந்திருக்கும் என்று நான் ரொம்ப நேரம் எடுத்துச் சொன்னேன். மயிலு தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். நான் சொன்னதை நம்பின மாதிரித் தெரியவில்லை.

ஜூன் 29, சனி

எடை 58.8.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் பேசிவிட்டார். "உங்க தங்கச்சி மறுபடியும் போன் பண்ணாங்க. ரத்த வகை ஒண்ணுதான், கிட்னி குடுக்கத் தயாரா இருக்காங்க. டெஸ்டுக்கு எப்ப வரச் சொல்லட்டும்?"

"வேண்டாம் டாக்டர்."

"ஏன்?"

"வேண்டாம்."

அவர் போனபின் பக்கத்துப் படுக்கையில் சத்தம் நின்றிருப்பதைக் கவனித்தேன். மயிலு படத்தை நிறுத்திவிட்டிருந்தாள். கண் திறந்தே இருந்தது. அப்புறம் போடவே இல்லை.

ஜூலை 2, செவ்வாய்

எடை 59.0. அறை அமைதியாக இருந்தது. இதைத்தானே ஜூன் முதல் வாரத்தில் கேட்டேன். நான்கு மணி நேரம் இவ்வளவு நீளம் என்று தெரியாது.

ஜூலை 4, வியாழன்

எடை 58.7. தண்ணீர் 700.

முடிகிற நேரத்தில், மேலே மின்விசிறியைப் பார்த்தபடி மயிலு பேசினாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு ரத்தம் சேரலீங்க. அம்மாளுக்குச் சக்கர. எங்கண்ணனுக்குச் சேரும்னாங்க. அண்ணன் செரின்னுட்டுத்தான் வந்துச்சு. அண்ணி வேண்டாம்னுட்டாங்க. அவங்க மேல தப்புச் சொல்ல மாட்டேன், மூணு புள்ளைங்க இருக்குது. இப்ப அரசாங்க லிஸ்ட்ல பேரு குடுத்துட்டு உக்காந்துட்டு இருக்கறனுங்க. எங்கியோ ஒருத்தரு சாகோணும், அவங்க வீட்ல மனசு வெக்கோணும், அது எனக்குச் சேரோணும்." என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குக் குடுக்க ஆளு போன் மேல போன் போடுது. நீங்க வேண்டாங்கறீங்க. எனக்கு ஆத்தரமா வந்துச்சுங்க. அதான் பேசல. தப்புன்னா மன்னிச்சுக்கங்க."

"உனக்குத் தெரியாது மயிலு," என்றேன்.

"செரிங்க. எனக்கென்ன தெரியும்."

இதை எழுதி வைக்கிறேன். தமயந்தி பத்தொன்பது வருடம் முன்னால் ஆரோக்கியத்தைக் கல்யாணம் செய்துகொண்டாள். நல்ல மனிதர், எலக்ட்ரீஷியன், வேறு மதம். கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அம்மாவையும் போக விடவில்லை. அவளுக்கு மகள் பிறந்தபோது அம்மா பை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். இந்த வீட்டுக்குத் திரும்பி வருவதானால் போகாதே என்றேன். அம்மா பையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள். பேத்தியைப் பார்க்காமலே அடுத்த ஆடியில் போய்ச் சேர்ந்தாள்.

அவ்வளவுதான். எடை முன்பே எழுதியாயிற்று.

ஜூலை 9, செவ்வாய்

மெஷின் போட்டு அரை மணியில் மயிலுக்குக் குளிர் எடுத்தது. பல் கிட்டி, கட்டிலே ஆடியது. கழுத்துக் குழாய் வழியாகக் கிருமி ஏறிவிட்டதாம். என் கையில் ஊசி. எழுந்து போய்ப் பிடிக்கக்கூட முடியவில்லை. "ஜெயசீலி, ஜெயசீலி" என்று கத்தினேன். மேல் மாடி வார்டுக்குக் கொண்டு போய்விட்டார்கள்.

எடை எழுத மறந்துவிட்டது.

ஜூலை 11, வியாழன்

டயாலிசிஸ் முடிந்து மாடிக்குப் போனேன். அவள் வீட்டுக்காரர் சென்னியப்பன் வாசலில் நின்றுகொண்டிருந்தார், கைகளில் சாயப்பட்டறை நீலம் போகாமலே இருக்கிறது. உள்ளே மயிலு முகம் வாடி, உதடெல்லாம் வெடித்துக் கிடந்தாள். காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது.

"நாளைக்குப் படம் வருது டீச்சர்."

"வரட்டும். நல்லானதும் பார்க்கலாம்."

"நல்லாகலீன்னா? நீங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

"நானா? தியேட்டருக்கா?"

"மொத ஷோ போங்க. ஒண்ணு உடாம சொல்லோணும். சண்டையெல்லாஞ் சேத்து." பிறகு குரல் இறங்கியது. "செவ்வந்தி பொழச்சுக்கறாளான்னு பாத்துட்டு வாங்க."

நான் தியேட்டருக்குப் போய்ப் பதினேழு வருடம் ஆகிறது. பள்ளிப் பிள்ளைகளை ஒரு ஆவணப் படத்துக்கு அழைத்துப் போனது கடைசி.

ஜூலை 12, வெள்ளி

காலை பத்தரைக் காட்சி. என் இருபுறமும் கல்லூரிப் பையன்கள். காகிதத்தைக் கிழித்து வீசினார்கள், விசில் அடித்தார்கள். என் தலையெல்லாம் காகிதம். நோட்டுப் புத்தகத்தோடு நடுவில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து ஒருவன், "மேடம், இன்ஸ்பெக்‌ஷனா?" என்றான்.

முதல் அரை மணி நேரம் வரிசையாக எழுதினேன். பிறகு எழுத மறந்துவிட்டேன். பறவை மேகத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கியபோது அந்தத் தியேட்டர் முழுக்க எழுந்து நின்றது. எத்தனை அடிச் சிறகு என்று எனக்கு அப்போது ஞாபகமே வரவில்லை. நானும் நின்றுகொண்டிருந்தேன்.

முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. நாச்சியின் நெருப்பு அவளைச் சாம்பலாக்கப் போகிறது. இருவர் கைகோத்துப் பிடித்துக்கொண்டால் நெருப்பு பாதிப் பாதியாகப் பிரியும், இருவரும் பிழைக்கலாம். செவ்வந்தி தேடி வந்து தன் ஒற்றைக் கையை நீட்டுகிறாள். நாச்சியும் பிடிக்கிறாள். ஆனால் பாதியில், "உனக்கு வேண்டாம் இது" என்று கையை உதறிவிடுகிறாள். உதறிய வேகத்தில் முழு நெருப்பும் செவ்வந்தி பக்கம் சாய்ந்து, செவ்வந்தி எரிந்துபோகிறாள். நாச்சி அரியணை ஏறுகிறாள். பையன்கள் கைதட்டினார்கள்.

பஸ்ஸில் வரும்போது கண் எரிந்துகொண்டே இருந்தது.

ஜூலை 13, சனி

எடை 58.3.

பதினொன்றரைக்கு மாடிக்குப் போனேன். மயிலுக்கு இன்று காய்ச்சல் இல்லை, ஆனால் எழுந்து உட்காரத் தெம்பில்லை. "ஆரம்பிங்க," என்றாள்.

உட்கார்ந்துதான் ஆரம்பித்தேன். உப்புக் கோட்டை முற்றுகை வந்ததும் எழுந்துவிட்டேன். குதிரைகள் எந்தப் பக்கம் வந்தன என்று காட்ட மருந்து வண்டியைத் தள்ள வேண்டியிருந்தது. பறவை இறங்குவதைச் சொல்லும்போது முந்தானையை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்திருக்கிறேன். எதிர்க் கட்டில் அம்மாள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சென்னியப்பன் கதவருகே சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

முடிவுக்கு வந்தேன். மயிலு இமைக்காமல் பார்த்தாள்.

"செவ்வந்தி கைய நீட்டறா," என்றேன். "நாச்சி பிடிக்கறா. பாதியில வேண்டாம்னு உதறப் போறா. அப்ப செவ்வந்தி, 'நீ கேட்டு வந்தேனா, கூப்பிட்டு வந்தேனா, நானாத்தானே வந்தேன்'ங்கறா."

"அப்பறம்?"

"நாச்சி அழறா. அழுது, 'நான் உன்ன விட்டுட்டு வந்தது தப்பு. பிடிச்சுக்கோ'ன்னு சொல்றா. விடறதே இல்ல. நெருப்பு சரி பாதியாப் பிரிஞ்சிடுது. ரெண்டு பேருக்கும் கொஞ்சூண்டு மிச்சம் இருக்கும்."

"எவ்வளவுங்க?"

"சோறாக்கற அளவுக்கு."

மயிலு வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "நல்லா இருக்குதுங்க டீச்சர். ரொம்ப நல்லா இருக்குது."

என் வாழ்க்கையில் பாடத்தில் இல்லாத ஒன்றை நான் சொல்லிக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

காலையில் தமயந்திக்கு நானே போன் செய்தேன்.

"அக்கா? என்னக்கா, ஒடம்புக்கு எதாச்சும் ஆயிப்போச்சா?"

"ஒண்ணும் ஆகல."

பின்னால் ஆரோக்கியம், "யாரு, அக்காவா?" என்று கேட்பது காதில் விழுந்தது.

"தமயந்தி, வர்றியா?" என்றேன்.

"எப்ப?" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

ஜூலை 17, புதன்

தமயந்தி உடுமலையிலிருந்து வந்துவிட்டாள். சமையலறையில் எதை எங்கே வைத்திருக்கிறேன் என்று என்னைக் கேட்காமலே எடுத்தாள். அம்மா வைத்த இடத்திலேயே எல்லாம் இருக்கிறதாம்.

சாப்பிடும்போது சொன்னேன். "அன்னைக்கு அம்மாவ அனுப்பாதது நான்."

"தெரியும்."

"உனக்குக் கோவம் இல்லையா?"

"இருந்துச்சு. இப்பவும் இருக்குது." ரசத்தை ஊற்றினாள், அளந்து, அரைக் கரண்டி. "அதுக்கும் கிட்னிக்கும் என்னக்கா சம்பந்தம்?"

ஜூலை 24, புதன்

கோவையில் டெஸ்ட். மயிலு திங்கட்கிழமை வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 3, சனி

எல்லாம் பொருந்துகிறது என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷன் இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி. பக்கத்துப் படுக்கையிலிருந்து மயிலு கைதட்டினாள். அவள் பெயர் லிஸ்டில் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அதை நான் கேட்க நினைத்தேன், கேட்பதற்குள் அவளே சொன்னாள். "எனக்கும் வருமுங்க. நீங்க மொதல்ல போய்ட்டு வாங்க."

பிறகு, "தியேட்டர்லருந்து படத்த எடுக்கறதுக்குள்ள நேர்ல பாத்தரோணும் டீச்சர். புதன்கிழம போலாங்களா?" என்றாள்.

கூட்டம் என்றேன். ஏசி என்றேன். கிருமி என்றேன். டாக்டரே, முகக்கவசம் போட்டுக்கொண்டு போகலாம் என்று சொல்லிவிட்டார். இன்று இரவு எனக்குத் தூக்கம் வராது. அந்த முடிவை அவள் பார்க்கப் போகிறாள்.

ஆகஸ்ட் 7, புதன்

எடை எழுதவில்லை. இன்று இது மட்டும்.

பகல் காட்சி. நடுவில் நான், ஒரு பக்கம் மயிலு, இன்னொரு பக்கம் தமயந்தி. நான்காவது வாரம் என்பதால் கூட்டமில்லை. மயிலு முகக்கவசத்துக்குள்ளேயே விசில் அடிக்கப் பார்த்தாள். தமயந்தி இடைவேளை வரை, "இதெல்லாம் எப்படிக்கா பாக்கறே?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்கவில்லை.

கடைசிக் காட்சி நெருங்க நெருங்க எனக்கு வேர்த்தது. செவ்வந்தி நெருப்பைத் தாண்டி ஓடி வருகிறாள். "மயிலு, ஒண்ணு சொல்லணும்," என்றேன் மெதுவாக. "நான் உன்கிட்ட..."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இங்கதான் உதறுவா. தெரியுமுங்க."

"எப்படி?"

"ஜெயசீலி சிஸ்டரு வெள்ளிக்கெழமயே படம் பாத்துட்டு வந்து சொல்லிப்போட்டாங்க. நீங்க வர்றதுக்கு மொத நாளே தெரியும்."

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லாம கேட்டுட்டு இருந்தே?"

"நீங்க எப்படிக் காப்பாத்தறீங்கன்னு பாத்தனுங்க," என்றாள்.

திரையில் செவ்வந்தி ஒற்றைக் கையை நீட்டினாள். நாச்சி பிடித்தாள். அந்த முகம் மாறுவதும், விரல்கள் தளர்வதும் எனக்குத் தெரிந்ததுதான், போன மாதமே பார்த்ததுதான்.

"விடாதேடி!" என்று கத்திவிட்டேன்.

முன் வரிசைகள் மொத்தமும் திரும்பின. யாரோ விசிலடித்தார்கள். மயிலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தமயந்தி என் தோளைத் தட்டி, "அக்கா, சினிமாக்கா இது, சினிமா," என்றாள். அவள் கண்ணும் நனைந்திருந்தது.

"தெரியும்," என்றேன். "பேசாம பாரு."